கைக்குட்டையும் கள்ளக் கையெழுத்தும்: மனைவியிடம் ஏன் யாரும் கேட்பதில்லை?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருப்பது இது: "மகள் நாடக வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் இப்சனின் பொம்மை வீடும் படிக்கிறாள். நானும் கூட இருந்து கதையை வாசித்தேன். ஒரு கைக்குட்டையை வைத்து ஒரு மனிதன் பெண்சாதியைக் கொல்வானா? அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிரச்சினை முடிந்திருக்குமே. இந்தப் பழைய நாடகங்களில் ஏன் ஒருவரும் மனைவியிடம் நேரே கேட்பதில்லை? அடுத்தது, பொம்மை வீட்டில் நோரா செய்ததும் ஏமாற்றுத்தானே, கள்ளக் கையெழுத்துத்தானே. டெஸ்டிமோனாவுக்காக அழுகிற நாங்கள் நோராவை எப்படி நியாயப்படுத்துவது?"

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதலாவதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இரண்டாவதன் பாதி விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒதெல்லோ கேட்கத்தான் செய்கிறான். நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மகளோடு இருந்து ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். "நீ யார்?" என்று டெஸ்டிமோனாவைக் கேட்கிறான். "உங்கள் மனைவி, உங்களுக்கு உண்மையாக இருக்கும் மனைவி" என்கிறாள். அப்படியென்றால் சத்தியம் செய், செய்து நாசமாகப் போ என்கிறான். அதற்குச் சற்று முன்னர் தோழி எமிலியாவை விசாரிக்கிறான். தான் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை என்று அவள் அடித்துச் சொல்கிறாள். அவள் போனதும் அவன் தனக்குள் சொல்லிக்கொள்வது என்ன தெரியுமா? கூட்டிக்கொடுக்கிறவள் எவளும் இவ்வளவு சொல்லத் தெரிந்துதான் இருப்பாள் என்பது. மனைவிக்குச் சாதகமாகச் சாட்சி வந்தால் சாட்சிக்காரி கெட்டவள், சாட்சி வராவிட்டால் மனைவி கெட்டவள். இப்படி ஒரு விசாரணையில் யார் தப்ப முடியும்?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தக் காட்சி முழுவதிலும் குற்றச்சாட்டு என்ன, யாரோடு என்று அவளுக்கு அவன் சொல்வதே இல்லை. நான் தெரியாமல் செய்த பாவம் என்ன என்று அவள் கேட்கிறாள், பதில் கிடைக்கவில்லை. அவன் சந்தேகப்படும் ஆளான துணைத்தளபதி கசியோவின் பெயரை அவன் அவளுக்கு முன்னால் குற்றமாக எடுத்து வைப்பது கடைசிக் காட்சியில், கொல்லுவதென்று முடிவெடுத்துப் படுக்கையறைக்குள் வந்த பிறகு. அப்போது அவள் சொல்கிறாள்: "அந்த மனிதனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்." நீங்கள் கேட்ட அதே கேள்விதான். நாடகத்துக்குள்ளேயே அது இருக்கிறது, ஆனால் நேரம் கடந்த பிறகு வருகிறது.

இன்னொருத்தி அதை நேரத்தோடு கேட்டுவிடுகிறாள். அதே நான்காம் அங்கத்தில், ஒதெல்லோ திட்டிவிட்டுப் போன பின், எமிலியா கொதித்துப்போய் அடுக்குகிறாள்: அவளோடு யார் இருந்தானாம்? எந்த இடத்தில்? எந்த நேரத்தில்? எந்த விதமாக? நடக்கக்கூடிய காரியமா? நீதிமன்றத்தில் ஒரு கெட்டிக்காரச் சட்டத்தரணி கேட்கும் கேள்விகள் இவை. இதில் "எந்த நேரத்தில்" என்ற ஒன்றை மட்டும் ஒதெல்லோ, தன் மனதில் சந்தேகத்தை விதைத்த கீழதிகாரி இயாகோவிடம் கேட்டிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே சரிந்திருக்கும். சைப்பிரசுக்கு டெஸ்டிமோனா வந்தது இயாகோவோடு ஒரு கப்பலில், கசியோ வந்தது வேறொரு கப்பலில். எல்லோரும் கரையிறங்கியதிலிருந்து அவள் சாகும் வரை மேடையில் நாம் பார்க்கும் காலம் ஏறத்தாழ ஒன்றரை நாள். கள்ள உறவுக்கு அங்கே நேரமே இல்லை. இந்தக் காலக் கணக்கை நாடகத்தின் குறை என்று சொல்லி விமர்சகர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சந்தேகம் பிடித்தவன் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

கைக்குட்டை விஷயத்தில் உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். தோமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் 1693இல், ஒரு கைக்குட்டைக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா, இதற்குக் கைக்குட்டையின் துன்பியல் என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று எழுதினார். ஆனால் கைக்குட்டையின் அற்பத்தனத்தில்தான் விஷயமே இருக்கிறது. இயாகோ அதை முதலில் கொண்டுவரவில்லை. அதற்கு முன் அவன் செய்ததெல்லாம் அரை வார்த்தை பேசி நிறுத்துவது, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று முணுமுணுப்பது, கேட்டால் "ஒன்றுமில்லை" என்பது. கதையை முழுவதும் கட்டியவன் ஒதெல்லோ. அவனுக்குத் தேவைப்பட்டது கண்ணால் பார்க்க ஒரு பொருள், "கண்கண்ட சாட்சி வேண்டும்" என்று அவனே கேட்கிறான். அந்த இடத்தில்தான், அவன் மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை கசியோவின் கையில் வந்து விழுகிறது. பொருளுக்கு வாய் இல்லை என்பதால், அதை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

அப்படியென்றால் கதையைக் கட்ட ஒதெல்லோவுக்குச் சாமான் எங்கிருந்து கிடைத்தது? டெஸ்டிமோனாவின் தகப்பனிடமிருந்து. அவள் வீட்டுக்குத் தெரியாமல் கலியாணம் முடித்தவள். முதல் அங்கத்தில் தகப்பன் பிரபான்சியோ சபையை விட்டுப் போகும்போது மருமகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான்: இவள் தகப்பனை ஏமாற்றினவள், உன்னையும் ஏமாற்றலாம். மூன்றாம் அங்கத்தில் இயாகோ அதையே எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறான். நம் குடும்பங்களில் "பெத்த தகப்பனையே ஏமாத்தினவள்" என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். விருப்பத் திருமணம் செய்த ஒரு பெண்ணின் மேல் அந்த வார்த்தை எத்தனை வருடத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும் தெரிந்ததே. எவனுக்காக ஏமாற்றினாளோ அவனே ஒருநாள் அதை எடுத்து அவள் மேல் வைக்கிறான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதே இடத்தில் சரச்சந்திராவின் மனமே நினைவுக்கு வரும். 1956இல் மேடையேறிய அந்தச் சிங்கள நாடகத்தின் வேர் ஒரு பௌத்த சாதகக் கதை. காட்டில் தன் கணவனுக்கும் இன்னொருவனுக்கும் சண்டை நடக்கும்போது வாளைக் கணவனிடம் கொடுக்காமல் மற்றவன் பக்கம் நீட்டிவிடுகிற பெண்ணின் கதை. யாருக்காக அதைச் செய்தாளோ அவன், கட்டின புருஷனை விட்டவள் என்னையும் விடுவாள் என்று சொல்லி அவளைக் கைவிட்டுப் போகிறான். சாதகத்தில் அவள் துரோகி, அதோடு கதை முடிந்தது. சரச்சந்திரா செய்த பெரிய காரியம், வாள் கை மாறிய அந்தக் கணத்தில் அவள் மனதில் தடுமாற்றம் ஒன்றை வைத்துத் தீர்ப்பைப் பார்வையாளர்களிடம் விட்டது. உங்கள் மகளுக்கு வாய்த்தால் அந்த நாடகத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மொழி முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடம் புரியும்.

சரி, கேள்வியின் நடுவுக்கு வருவோம். ஏன் மனைவியின் வார்த்தை எடுபடவில்லை?

என் விளக்கம் இது. இந்த நாடகங்களில் மானம் கணவனுக்குச் சொந்தமான சொத்து. ஆனால் அது வைக்கப்பட்டிருக்கும் இடம் மனைவியின் உடம்பு. அது இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்கிறவர்களோ வெளியில் நிற்கும் சனம். இப்படி ஒரு ஏற்பாட்டில் மனைவி ஒரு சாட்சியாகவே எண்ணப்படுவதில்லை, பெட்டகமாகத்தான் எண்ணப்படுகிறாள். உடைந்திருக்கிறதா என்று பெட்டகத்தைத் தட்டிப் பார்ப்பார்களே தவிர அதனிடம் கேட்க மாட்டார்கள். ஏமாற்றுக்காரன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, "சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது" என்று கணவனை நம்ப வைப்பது. இயாகோ இதில் விற்பன்னன். வேலை பறிபோன கசியோ "என் பெயர் கெட்டுவிட்டதே" என்று அழும்போது, பெயர் என்பது வெறும் போலி, தகுதியில்லாமல் வரும், தகுதியில்லாமல் போகும் என்று சொல்கிறான் இயாகோ. அடுத்த அங்கத்தில் ஒதெல்லோவிடம், என் பணப்பையைத் திருடியவன் குப்பையைத் திருடினான், என் நல்ல பெயரைத் திருடியவன் என்னை ஏழையாக்கினான் என்கிறான். ஒரே வாய்தான். யாருக்கு எதைச் சொன்னால் எடுபடும் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். கடைசியில் ஒதெல்லோ தன்னைப் பற்றிச் சொல்வது என்ன? மானமுள்ள கொலைகாரன் என்று சொல்லுங்கள், வெறுப்பினால் எதையும் செய்யவில்லை, எல்லாம் மானத்துக்காக.

இந்த ஏற்பாட்டை ஒளிவுமறைவின்றிப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயினுக்குப் போக வேண்டும். அங்கே 17ஆம் நூற்றாண்டில் மான நாடகங்கள் தனி வகையாகவே வளர்ந்தன. மானம் சம்பந்தப்பட்ட கதைகள்தான் எல்லோரையும் வலுவாக உலுக்கும், ஆகவே அவையே சிறந்தவை என்று லோப்பே டி வேகா 1609இல் நாடகக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சொன்னார்.

கல்தெரோனின் 'தன் மானத்தின் வைத்தியன்' 1637இல் அச்சானது. குத்தியேரே என்ற பிரபுவின் மனைவி மென்சியா. அவளைக் கலியாணத்துக்கு முன் விரும்பியவன் அரசனின் தம்பி என்ரிக்கே. அவன் அவள் வீட்டுக்குள் நுழைந்து தொல்லை கொடுக்கிறான், அவள் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அவனுடைய குத்துவாள் வீட்டில் தவறிக் கிடந்துவிடுகிறது. பாருங்கள், மறுபடியும் ஒரு பொருள். கணவன் அதை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, பிறகு இருட்டில் அந்த இளவரசன் போலக் குரலைத் தாழ்த்திப் பேசி மனைவியைச் சோதிக்கிறான். அவள் வந்திருப்பது இளவரசன் என்று நினைத்து "மேன்மை தங்கியவரே" என்று விளித்துவிடுகிறாள். அவனுக்கு அது போதும். தன்னிடம் வந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கப் போய், ஏமாற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் கணவன் என்பதை அவன் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பிறகு அவன் செய்வது வாசிக்கவே கஷ்டமானது. இரத்தம் எடுக்கும் வைத்தியன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, மனைவியின் நரம்பைத் திறந்து அவள் சாகும்வரை இரத்தம் வெளியேற விடும்படி மிரட்டுகிறான். வெளியில் சொல்வதற்குக் கதை தயார்: வைத்தியத்துக்காக இரத்தம் எடுத்தோம், கட்டு அவிழ்ந்துவிட்டது. மானத்தை அவன் பழி தீர்த்துக் காக்கவில்லை. பழி தீர்த்ததே வெளியில் தெரியாமல் பார்த்துக்கொண்டு காக்கிறான். அந்த வைத்தியன் போகும்போது இரத்தம் தோய்ந்த கையை வீட்டுக் கதவில் பதித்துவிட்டுப் போகிறான், அதை வைத்து அரசனுக்கு உண்மை தெரியவருகிறது. அரசன் தண்டிக்கவில்லை. முன்பு குத்தியேரே சந்தேகப்பட்டுக் கைவிட்ட லெயோனோரை மணந்துகொள்ளச் சொல்கிறான். என் கை இரத்தத்தில் நனைந்தது என்று அவன் எச்சரிக்க, அவளும் சம்மதிக்கிறாள். கல்தெரோன் இதை ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. கதவில் இருக்கும் அந்தக் கையை எழுதியவர் ஆதரித்திருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

லோப்பே 1631இல் எழுதி முடித்த 'பழியில்லாத் தண்டனை' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் மனைவி உண்மையாகவே கணவனின் மகனோடு உறவு வைத்திருக்கிறாள். கணவனான பிரபு அவளைக் கட்டி, வாயை அடைத்து, துணியால் மூடி, இது சதிகாரன் ஒருவன், கொன்றுவிடு என்று மகனை அனுப்புகிறான். மகன் யாரென்று தெரியாமல் கொல்கிறான். உடனே பிரபு, வாரிசுப் போட்டியில் சிற்றன்னையைக் கொன்றுவிட்டான் என்று கத்தி மகனையும் கொல்ல வைக்கிறான். இரண்டு பிணங்கள் விழுந்தபின்னும் கள்ள உறவு என்ற ஒன்று ஊருக்குத் தெரியவில்லை. உண்மையாகவே குற்றம் நடந்த வீட்டிலும் கணவன் காப்பாற்றுவது வெளித்தோற்றத்தைத்தான்.

இப்படியெல்லாம் ஐரோப்பாவில்தான் நடந்தது என்று மகள் எழுதிவிடக் கூடாது. நம்முடைய முத்தமிழ்க் காப்பியத்திலேயே, வன்னியில் கோவலன் கூத்தாகவும் கிழக்கில் கண்ணகி சடங்காகவும் இன்னும் உயிரோடு இருக்கும் கதையிலேயே, இதன் முழு இயக்கமும் இருக்கிறது. கோவலன் கொலைக்குக் காரணம் பொற்கொல்லனின் பொய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஒரு படி முன்னால் பாருங்கள். ஆடல் மகளிரின் ஆட்டமும் பாட்டும் அரசனின் மனதைக் கவர்ந்துவிட்டன என்று பாண்டிமாதேவிக்கு மனத்தாங்கல். அதை வெளியில் சொன்னால் அரசிக்கு அழகில்லை. அதனால் "தலைநோய் வருத்தம் தன்மேல் இட்டு" எழுந்து போகிறாள். தலையிடி என்ற ஒரு சின்னப் பொய், எந்த வீட்டிலும் நடப்பது. அவளைச் சமாதானப்படுத்த அவசரமாகப் போகிற வழியில்தான் அரசனைப் பொற்கொல்லன் பிடிக்கிறான். உள்ளே கோபித்துக்கொண்டிருக்கும் மனைவியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி அந்த நேரத்தில் அவனுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆராயாமல் சொல்லிவிடுகிறான்: "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு." இளங்கோ அந்த இடத்தில் அரசனைத் "தேரான்" என்கிறார். பிறகு கண்ணகி சபையில் வந்து நின்று விளிக்கும் முதல் வார்த்தையும் அதே குற்றச்சாட்டுத்தான்: "தேரா மன்னா."

கண்ணகி செய்தது எமிலியா கேட்டதையே. பொருளை வைத்து வழக்கு வந்தால் பொருளைத் திறந்து பார் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தார்கள், தெரிந்தது. ஒதெல்லோவின் கைக்குட்டையைக் கடைசி வரை யாரும் இப்படித் திறந்து பார்க்கவில்லை. பாண்டியனுக்கு ஒரு பெருமை உண்டு, "யானே கள்வன்" என்று தன் மேல் தீர்ப்புச் சொல்லி அந்த இடத்திலேயே விழுந்தான்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தேவைப்படுவது சிலப்பதிகாரத்தின் வேறொரு இடம். மதுரையில் மாதரியின் வீட்டில் கடைசிச் சாப்பாடு முடிந்த பின் கண்ணகி கணவனிடம் பேசுகிறாள். நீங்கள் மாதவியிடம் இருந்த காலத்தில் மாமனும் மாமியும் என்னைப் பார்க்க வருவார்கள், நான் என் வருத்தத்தை மறைத்துச் சிரிப்பேன், "என் வாயல் முறுவற்கு அவர் உள்ளகம் வருந்த" நீங்கள் அப்படி நடந்தீர்கள் என்கிறாள். உண்மையில்லாத அந்தச் சிரிப்பு எதற்காக? கணவன் வீட்டின் மானம் வெளியில் போகாமல் இருக்க. நம் கதைகளில் மிகப் பெரிய பத்தினியும் வருடக்கணக்கில் ஒரு பொய்யை முகத்தில் வைத்திருந்தவள். அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை, பொறுமை என்றார்கள்.

சாகுந்தலத்தைப் பற்றி ஒரு குறிப்பு போதும். காளிதாசனின் நாடகத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை மறப்பதற்குத் துர்வாசரின் சாபம் காரணம், மோதிரம் கிடைத்ததும் நினைவு வருகிறது. மகாபாரதத்து மூலக் கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தெரிந்துகொண்டே சபையில் மறுக்கிறான், வானத்திலிருந்து குரல் வந்து சொன்ன பின்புதான் ஏற்கிறான். அவன் சொல்லும் காரணம்: உன் வார்த்தையை மட்டும் வைத்து ஏற்றிருந்தால் சனம் சந்தேகப்பட்டிருக்கும். காளிதாசன் கணவனின் மானத்தைக் காப்பாற்ற ஒரு முனிவரின் கோபத்தைக் கொண்டுவந்தான். மூலக்கதை அப்படி மூடி மறைக்கவில்லை, அதனால் எனக்கு அதில் மதிப்பு அதிகம்.

அடையாளப் பொருள் என்றதும் இன்னொன்று. தமிழ் அரிச்சந்திரன் கதையில் சந்திரமதியின் தாலி கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். மயான காண்டத்தில், யாழ்ப்பாணத்து நாடக நடிகர் வி. வி. வைரமுத்து நடித்துப் புகழ்பெற்ற அந்தக் காட்சியில், அதை வைத்துத்தான் சுடலை காப்பவன் தன் மனைவியை அறிகிறான். மேலே சொன்ன பொருள்கள் எல்லாம் ஊர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தவை. ஊர் கண்ணில் படாத ஒரு அடையாளத்தைக் கற்பனை செய்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செகசிற்பியாரிடமே, ஷேக்ஸ்பியருக்கு விபுலாநந்த அடிகள் மதங்க சூளாமணி என்ற நூலில் வைத்த பெயர் அது, ஒரு விதிவிலக்கு உண்டு. சிம்பலின் நாடகத்தில் போஸ்தூமஸ் தன் மனைவி இமோஜனின் கற்பை வைத்துப் பந்தயம் கட்டுகிறான். எதிராளி ஒரு பெட்டிக்குள் ஒளிந்து அவள் அறைக்குள் போய், தூங்குகிறவளின் கையிலிருந்து காப்பைக் கழற்றி, மார்பிலுள்ள மச்சத்தைப் பார்த்துக்கொண்டு வந்து வென்றுவிட்டதாகச் சொல்கிறான். கணவன் நம்பி அவளைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். இதுவரை பழைய கதைதான். ஆனால் ஐந்தாம் அங்கத்தில், அவள் குற்றமற்றவள் என்று தெரியவருவதற்கு முன்னரே, அவள் தவறு செய்தவளாகவே இருந்தாலும் அந்தச் சின்னத் தவறுக்காகவா கொன்றேன் என்று உடைந்து அழுகிறான். நான் அறிந்த மான நாடகங்களில் இப்படி அழுகிற கணவன் வேறு யாருமில்லை. பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தைத் தமிழில் சிம்ஹளநாதன் என்று நம் தீவின் பெயரோடு ஆக்கினார். அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நடத்தியவர். ஆகவே இந்தக் கதைகள் கொழும்புத் தமிழர்களுக்கு நேற்று வந்தவை இல்லை.

இனி நோரா.

நீங்கள் சொல்வது சரி, அவள் ஏமாற்றினாள். 1879 டிசம்பரில் கொப்பன்ஹேகனில் முதல் முறை மேடையேறியபோது அங்கிருந்த பலரும் இதையே சொன்னார்கள். கணவன் டொர்வால்டுக்கு உடம்பு சரியில்லை, தெற்கே போகாவிட்டால் உயிர் தங்காது என்று வைத்தியர்கள் அவளிடம் மட்டும் சொல்கிறார்கள். அவன் கடன் வாங்க ஒத்துக்கொள்ளாதவன். அவள் 4,800 குரோனர் இரகசியமாகக் கடன் வாங்கி அவனை இத்தாலிக்குக் கூட்டிப்போகிறாள். பிணைக்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். தகப்பன் மரணப் படுக்கையில். அவளே கையெழுத்துப் போடுகிறாள், திகதி ஒக்டோபர் 2. தகப்பன் இறந்தது செப்டம்பர் 29. அந்த மூன்று நாளில் அவள் பிடிபடுகிறாள். ஒதெல்லோ பார்க்காத நாட்காட்டியை இங்கே கடன் கொடுத்த குரொக்ஸ்டாட் பார்க்கிறான்.

அவள் ஏன் நேரே தன் பெயரில் வாங்கவில்லை? சட்டம் விடவில்லை. கணவனின் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது. நோர்வேயில் திருமணமான பெண் சட்டப்படி முழு ஆளாக எண்ணப்பட்டது 1888இல், நாடகம் வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு. இதை அந்தக் காலத்து ஐரோப்பாவின் கதையென்று தள்ளிவிட வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான நம்முடைய தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனைவி தன்னுடைய சொந்தக் காணி பூமியைக்கூட உயிரோடு இருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று வகுத்தது. சீதனமாக அவள் பெயரில் வந்த காணியும் இதில் அடங்கும். கணவன் நோயாளியாகப் படுத்திருக்க, வைத்தியச் செலவுக்குத் தன் காணியை ஈடு வைக்க நினைக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை அந்தச் சட்டத்தோடு சேர்த்து மகள் கற்பனை செய்து பார்க்கட்டும். நோரா யாரென்று உடனே தெரியும்.

அதனால் டெஸ்டிமோனாவும் நோராவும் எதிரெதிர் ஆட்கள் என்று நான் நினைக்கவில்லை. டெஸ்டிமோனாவும் பொய் சொல்கிறாள். கைக்குட்டை எங்கே என்று ஒதெல்லோ அதட்டும்போது, பயத்தில், தொலையவில்லை என்கிறாள். அந்தச் சின்னப் பொய்தான் அவளுக்கு வினையாகிறது. எமிலியாவும் பொய் சொல்கிறாள். கைக்குட்டையை எடுத்துக் கணவன் இயாகோவிடம் கொடுத்தவள் அவள்தான், கேட்டபோது தெரியாது என்றாள். புருஷன் கேட்டதைக் கொடுத்தேன், புருஷனைக் காட்டிக் கொடுக்கவில்லை என்ற கணக்கு. இந்த மூன்று பெண்களின் பொய்களும் கணவனுக்காக அல்லது கணவனுக்குப் பயந்து சொல்லப்பட்டவை. ஆண்கள் பேசுகிற மானத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை அந்தப் பொய்களால்தான் நடக்கிறது. கண்ணகியின் முறுவலும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். எமிலியா கடைசியில் அந்தக் கணக்கை உடைக்கிறாள்: அவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், இப்போது முடியாது. அதற்காகக் கணவன் கையாலேயே சாகிறாள். இந்த நாடகத்தில் யார் பெரியவர் என்று மகள் கேட்டால், தயங்காமல் எமிலியா என்று சொல்வேன்.

நோராவுக்கும் அவர்களுக்கும் இருக்கும் வித்தியாசம், அவள் கணவன் சோதிக்கப்படும் கணத்தை நேரே பார்க்கக் கிடைத்தவள் என்பது. உண்மை வெளிவந்தால் அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வான் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த அற்புதத்துக்காகப் பயந்துகொண்டும் காத்திருந்தாள். குரொக்ஸ்டாட்டின் கடிதத்தை வாசித்த டொர்வால்ட் சொல்வது வேறு: நீ வீட்டில்தான் இருப்பாய், ஆனால் பிள்ளைகளை வளர்க்க விட மாட்டேன். இனிச் சந்தோஷம் என்ற பேச்சில்லை, மிச்சம் மீதியைக் காப்பாற்றி வெளியில் எல்லாம் முன்போலவே இருப்பதாகக் காட்ட வேண்டும். ஸ்பானியப் பிரபுவின் அதே திட்டம், இரத்தம் மட்டும் இல்லை. பிறகு இரண்டாவது கடிதத்தோடு கடன் பத்திரமும் திரும்பி வருகிறது. "நான் தப்பினேன், நோரா, நான் தப்பினேன்!" என்று அவன் கத்துகிறான். "நான்?" என்று அவள் கேட்கிறாள். நீயும்தான் என்கிறான். உடனே மன்னிப்பும் கொடுத்துவிடுகிறான்.

யாரும் தான் நேசிப்பவருக்காகத் தன் மானத்தைப் பலி கொடுப்பதில்லை என்று அவன் சொல்லும்போது நோரா கொடுக்கும் பதில், இலட்சக்கணக்கான பெண்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பது. உங்கள் கேள்விக்கான பதில் எனக்கு அந்த வரியில்தான் இருக்கிறது. கள்ளக் கையெழுத்துப் போட்டபோது அவள் பலி கொடுத்தது தன் மானத்தை. அவனிடம் அதே விலை கேட்கப்பட்டபோது அவன் கொடுக்கவில்லை. அவள் செய்தது குற்றமா என்று கேட்டால், குற்றம்தான், அவளும் அதை மறுக்கவில்லை. நாடக முடிவில் அவள் வீட்டை விட்டுப் போவது குற்றத்திலிருந்து தப்புவதற்காக அல்ல. பத்திரம் திரும்பி வந்துவிட்டது, ஆபத்து முடிந்துவிட்டது, இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த ஒழுங்கை மகள் கட்டாயம் கவனிக்க வேண்டும், வகுப்பில் பலரும் தவற விடுவது இதைத்தான்.

இதன் பின்னால் உண்மையான ஒரு பெண் இருந்தாள். லோரா கீலர் என்ற எழுத்தாளர், இப்சனுக்குத் தெரிந்தவர். நோயாளியான கணவனுக்காக இரகசியமாகக் கடன் வாங்கி, அடைக்க முடியாமல் போலிப் பத்திரம் எழுதி மாட்டிக்கொண்டவர். அவருடைய கணவன் அவரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தார், அவர் மனநோய் விடுதியில் ஒரு மாதம் இருக்க வேண்டி வந்தது. பின்னர் வீடு திரும்பினார். நோரா என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் அவர் மேல் ஒட்டிக்கொண்டு அவரைத் துன்பப்படுத்தியது, அது இப்சன் மேல் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை.

ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த ஹெட்விக் நீமான்-ராபே என்ற நடிகை, நான் என் பிள்ளைகளை விட்டுப் போக மாட்டேன், முடிவை மாற்றித் தாருங்கள் என்றார். வேறு யாராவது மாற்றிக் கெடுப்பதற்கு முன் இப்சன் தானே மாற்றிக் கொடுத்தார். தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து நோரா தளர்ந்து விழுவதாக ஒரு முடிவு. அதை நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார். மகளின் வகுப்பில் இரண்டு முடிவுகளையும் நடித்துப் பார்க்க ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நடிக்கும்போது டொர்வால்டாக நிற்கும் பையனிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும்: அவன் கெட்டவன் இல்லை, நல்ல பெயர் எடுத்த வங்கி முகாமையாளர், மனைவியைக் கைநீட்டி அடிக்காதவர். அப்படி நடித்தால்தான் "நான் தப்பினேன்" என்ற வரி சபையில் இருப்பவர்களுக்குச் சுடும்.